மூட்டத்துக்கு வைத்த நேர்த்தி

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது என்று லயத்து வரிசை வீடுகளின் கோழிகள்தான் சொல்லின. வானம் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது நாளாக நெட்டிமலைத் தோட்டம் பனிமூட்டத்துக்குள் முழுகிக் கிடந்தது. இஸ்தோப்புத் திண்ணையில் நின்று கையை நீட்டினால் விரல் நுனி தெரியும். பத்தடி தள்ளித் தண்ணீர் கொட்டும் பீலி தெரியாது, அதன் சத்தம் மட்டும் கேட்கும்.

நல்லம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

"நாசமாப் போற மூட்டம்! நாலு நாளா ஒரு துணி காயல," என்று பக்கத்துக் காம்பரா விஜயலெட்சுமி கொடியில் கிடந்த சட்டையைப் பிழிந்துகொண்டே திட்டினாள். "எவ செஞ்ச பாவமோ, தெரியல!"

"எவளோ செஞ்சிருக்கா," என்று சொல்லிவிட்டு நல்லம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செய்தவள் அவள்தான். ஆனால் அதைச் சொல்லுமுன், போன வாரக் கதையை ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குள் நினைவுபடுத்திவிடலாம்.

"டுபாயில துணி மடிக்கிற வேல" என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த மகள் துஷாந்தினி, லீவில் வந்த இடத்தில் உண்மையைப் போட்டு உடைத்தாள். அவள் மடித்தது பரசூட். மடித்ததோடு நிற்கவும் இல்லை. அதை முதுகில் கட்டிக்கொண்டு இருநூற்றுச் சொச்சம் தடவை ஆகாயத்திலிருந்து குதித்திருக்கிறாள். உடைத்த மறுநாள், வியாழக்கிழமை காலை, எல்லவில் விடுதி நடத்தும் ஸரூக் ஒரு ஹெலிகொப்டரைத் தோட்டத்து மைதானத்தில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு வெள்ளைக்காரர்களும் துஷாந்தினியும் அதில் மேலே போய், மலைக்கும் மேலேயிருந்து குதித்து, இந்த மைதானத்திலேயே வந்து இறங்குவார்கள் என்றார். பரீட்சார்த்தமாம்.

லயமே கைதட்டியது. அப்பன்காரன் சின்னராசா எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார். நல்லம்மா தட்டவில்லை. அன்று கொழுந்தெடுக்கப் போகிற வழியில், ஆறாம் நம்பர் மலை உச்சியில் இருக்கும் முனியாண்டியிடம் போனாள். ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து மரக்கிளையில் கட்டினாள்.

"அய்யா முனியாண்டி, அந்த ஹெலி போற வரைக்கும் மூட்டம் கலையக் கூடாது. எம்புள்ள கால் தரையில இருக்கணும். வீட்டுல இருக்கிற செவத்தச் சேவல ஒனக்கே குடுத்திர்றேன்."

காலை ஒன்பது மணிக்கெல்லாம் மூட்டம் வந்து இறங்கிவிட்டது. முனியாண்டி இவ்வளவு சுறுசுறுப்பானவர் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு வந்தது இன்னும் போகவில்லை. இன்றைக்குப் பின்னேரம் நாலு மணியோடு ஹெலிகொப்டரின் வாடகைக் காலம் முடிகிறது. இன்னும் ஒன்பதே மணித்தியாலம்.

முற்றத்தில் சின்னராசா, தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பியோடு குந்தியிருந்து சேவலுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் இருப்பது அந்த ஒரே சேவல்தான். நாலு நாளாக அவருக்கு அதன் மேல் என்னவோ ஒரு பாசம். "தின்னுடா, தின்னு," என்று அதன் முதுகைத் தடவிக் கொடுத்தார். பாவம், இந்த மனுசனுக்குத் தெரியாமல் அதை நேர்ந்துவிட்டோமே என்று நல்லம்மாவுக்கு நெஞ்சு உறுத்தியது.

---

பத்து மணிக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போனாள். வேலை நாட்களில் காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புகிற களம் அது. நாலு நாளாக அதன் தகரக் கொட்டகைதான் ஆகாயத்தில் குதிக்கிறவர்களுக்கு அடைக்கலம். மூட்டம் சற்று இளகியதில், எதிரே மைதானத்தில் ஹெலிகொப்டர், போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிற மாடு மாதிரி மங்கலாகத் தெரிந்தது.

கொட்டகைக்குள் ஸரூக் நடந்துகொண்டிருந்தார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. தாடிக்கார வெள்ளைக்காரர் தலைக்கவசத்தைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். உயரமான வெள்ளைக்காரப் பெண் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

துஷாந்தினி தரையில் தார்ப்பாயை விரித்து, மஞ்சள் நிறப் பரசூட்டை மடித்துக்கொண்டிருந்தாள். நேற்றும் இதையேதான் மடித்தாள். முந்தாநாளும் மடித்தாள். மடித்து முடித்ததைப் பிரித்து, ஒவ்வொரு நூலாக விரலால் நீவிப் பார்த்து, மறுபடியும் முதலிலிருந்து மடித்தாள்.

"மடிச்சதத்தானே மடிக்கிற?" என்றாள் நல்லம்மா.

"ஈரக் காத்தும்மா. நேத்து மடிச்சதுல ஈரம் ஏறியிருக்கும்."

"அலுப்பா இல்லையா ஒனக்கு?"

"அலுத்துப்போய் ஒரு மடிப்ப விட்டா, அந்த ஒரு மடிப்புதான் மேல போய் ஞாபகம் வரும்." மகள் சிரித்தாள். "டுபாயில ஒரு தடவ மணல் காத்து. ஒம்பது நாள் சும்மா இருந்தோம். நாங்க குதிக்கிறது ஒரு நிமிஷம். காத்திருக்கிறதுதாம்மா முழு வேல."

இதைச் சொன்னவள் துஷாந்தினியா என்று நல்லம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. சின்ன வயதில் சோறு வடிக்கும் வரை பொறுக்க மாட்டாள், கஞ்சியோடு கேட்பாள். பள்ளிக்கூடத்து லொறி நிற்கும் முன்னே குதித்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வருவாள். அந்த வாலு எங்கே போனது?

அப்போதுதான் வெளியே பிள்ளைகள் கத்தினார்கள்.

மைதானத்துக்கு நேர் மேலே மூட்டம் விலகியிருந்தது. வட்டமாக, கிணற்றுக்குள் இருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, ஒரு நீலம். நாலு நாளாகக் காணாத வெயில் அந்த வட்டத்தின் வழியே ஹெலிகொப்டரின் மேல் வந்து விழுந்தது. ஈரப் புல்லெல்லாம் மின்னியது. லயத்துச் சனம் பூராவும் வெளியே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

நல்லம்மாவின் பால் வார்த்த வயிற்றில் யாரோ நெருப்பை அள்ளிக் கொட்டினார்கள்.

"துஷா! ஓட்ட ஒண்டு விழுந்திரிக்கி பாருங்க!" ஸரூக் ஓடிவந்தார். "எழும்புங்க, எழும்புங்க. இத விட்டா இன்னைக்கி வேற இல்ல."

தாடிக்காரர் ஏற்கனவே ஹெலிகொப்டரை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தார். விமானி கதவைத் திறந்தார். துஷாந்தினி எழுந்தாள். ஆனால் ஓடவில்லை. கொட்டகை வாசலில் நின்று மூன்று இடங்களைப் பார்த்தாள். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் புகைக்குழாய். மாரியம்மன் கோயில் கோபுரம். மேட்டு லயத்துத் தண்ணீர்த் தாங்கி. மூன்றும் தெரிந்தன. கைக்கடிகாரத்தை அழுத்தினாள்.

"இருபது நிமிஷம்," என்றாள். "மூணும் இருபது நிமிஷம் விடாமத் தெரியட்டும். அப்புறம் ஏறுவோம்."

"இருபது நிமிஷமா? அதுக்குள்ள மூடிட்டா?"

"மூடினா, ஏறாதது நல்லதுன்னு அர்த்தம்."

நல்லம்மா மைதானத்துக்குக் கீழே இருக்கும் கல்லோடைப் பள்ளத்தைப் பார்த்தாள். பள்ளத்திலிருந்து மூட்டம் மேல்நோக்கி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அந்தச் சரிவில் கொழுந்தெடுக்கிறவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. நாக்கு மேலே நீட்டினால் மூட்டம் திரும்ப வருகிறது என்று அர்த்தம். கத்திச் சொல்லத்தான் வாயெடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

தாடிக்காரர் திரும்பி வந்து ஆங்கிலத்தில் ஏதோ சூடாகச் சொன்னார். துஷாந்தினி குரலை உயர்த்தாமல் பதில் சொன்னாள். ஸரூக் கையைப் பிசைந்தார். சனம் முணுமுணுத்தது. அத்தனை பேர் கண்ணும் ஒருத்தி மேல் இருக்க, அவள் மூன்று இடங்களைப் பார்ப்பதும் மணியைப் பார்ப்பதுமாக நின்றாள்.

எட்டாவது நிமிஷம் தண்ணீர்த் தாங்கி மறைந்தது. பதினோராவது நிமிஷம் கோபுரம். அதன் பிறகு எல்லாம் ஒரு மூச்சில் நடந்தது. பள்ளத்திலிருந்து மூட்டம் ஆள் ஓடுகிற வேகத்தில் ஏறி வந்து, வேலியைத் தாண்டி, மைதானத்தைத் தின்று, எதிரே நின்ற ஹெலிகொப்டரையும் விழுங்கியது. பக்கத்தில் நின்ற ஸரூக்கின் முகம்கூட நல்லம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை.

சனம் கொட்டகைக்குள் வந்து ஒதுங்கியது.

"இப்ப மேல போயிருந்தா?" என்று நல்லம்மா மெதுவாகக் கேட்டாள்.

"கீழ வெள்ளையா மட்டும் இருக்கும். மைதானம் எது, பாறை எதுன்னு தெரியாது," என்றாள் துஷாந்தினி, குழம்பில் உப்பில்லை என்கிற குரலில். உள்ளே போய்த் தார்ப்பாயில் உட்கார்ந்து, "ரொட்டி சூடு ஆறுறதுக்குள்ள குடுங்கம்மா," என்றாள்.

ஸரூக் வந்து நின்றார். "நல்ல வேள, தங்கச்சி. நான் செல்லி நீங்க கேக்கல்ல," என்றார். தாடிக்காரர் தலைக்கவசத்தைக் கழற்றி ஒரு மூலையில் வைத்தார். அதற்குப் பிறகு துஷாந்தினி சொல்லும் வரை அதை எடுக்கவே இல்லை.

நல்லம்மா ரொட்டி கட்டிவந்த துணியை அங்கேயே மறந்துவிட்டுக் கிளம்பினாள். பயத்தால் என்று நினைத்தாள். வீட்டுக்கு நடக்கும்போதுதான் அது பயமில்லை என்று தெரிந்தது. தன் வயிற்றில் பிறந்ததைப் பார்த்தே இப்படி மலைத்துப்போக முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

---

மத்தியானம் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டே சின்னராசா அந்தக் குண்டைப் போட்டார்.

"இன்னைக்கி நடக்கலன்னா புள்ள சனிக்கிழம போயிரும்."

"எங்க?"

"டுபாய்க்குத்தான். டிக்கட் பையில இருக்கு. இது நல்லபடியா நடந்தா ஸரூக் தொரை இங்கயே குதிக்கிறதுக்கு ஒரு எடம் போடுவாராம். எல்லாத்தையும் பாத்துக்கிறது நம்ம துஷாதான். நடக்கலன்னா, மறுபடியும் மூணு வருஷக் கொந்தரப்புல கையெழுத்துப் போடணும்."

நல்லம்மாவின் கை சோற்றிலேயே நின்றது. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அதுதான் சொல்லிச்சு. சொன்னா நீ பயத்த முழுங்கிக்கிட்டு சரின்னு தலையாட்டுவியாம். அப்படி ஒரு சரி வேணாமாம்."

அவர் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டுப் போய்விட்டார். நல்லம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். மகளைத் தரையில் நிறுத்தி வைக்கத்தான் மூட்டம் கேட்டாள். அந்த மூட்டமே மகளை மூன்று வருஷத்துக்குக் கடல் தாண்டி அனுப்பப் போகிறது. அங்கே போய் அவள் குதிக்காமலா இருக்கப் போகிறாள்? குதிப்பாள். அதைப் பார்க்கக்கூட நல்லம்மா அங்கே இருக்க மாட்டாள். கேட்பதை யோசித்துக் கேட்டிருக்க வேண்டாமா? சாமி கொடுக்காததற்கு அழுகிறவர்கள் உண்டு. கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டாரே என்று அழுதவள் நெட்டிமலையில் நல்லம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கட்டின முடிச்சைக் கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். கேட்டது பலித்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். அதற்கு முன் அவிழ்ப்பதென்றால் சாமியிடம் நேரில் போய்ச் சொல்லியாக வேண்டும். கம்பளிச் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, கைத்தொலைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டாள். மணி ஒன்றரை.

---

ஆறாம் நம்பர் மலைக்குப் போகும் குறுக்குப் பாதை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற பாதை. அன்று கண்ணைத் திறந்துகொண்டும் ஒன்றும் தெரியவில்லை. தேயிலைச் செடிகளைக் கையால் தொட்டுத் தொட்டு ஏறினாள். அட்டை கடித்தது. பாதி வழியில் மூச்சு வாங்கியது. நின்றால் நாலு மணி வந்துவிடும் என்று நிற்கவில்லை.

உச்சிக்கு ஐம்பதடி இருக்கும்போது காலுக்குக் கீழே அவளுடைய நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். வெயில்! அவள் மூட்டத்துக்கு மேலே வந்திருந்தாள்.

அவள் பார்த்ததை எப்படிச் சொல்ல? அப்புத்தளைப் பக்கம் ஒரு மலை முகடு, பண்டாரவளைப் பக்கம் இன்னொன்று, தூரத்தில் நமுனுகுலை. மற்றதெல்லாம் வெள்ளை. ஊர் இல்லை, ரோடு இல்லை, ரயில் பாதை இல்லை, லயம் இல்லை. அறுத்து எடுத்துவிட்ட மாதிரி தலைக்கு மேலே சுத்தமான நீலம். அந்த வெள்ளை அசையாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பெரிய பெரிய மடிப்புகளாக, சத்தமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

இருபத்தெட்டு வருஷம் இந்த மலையில் குனிந்தபடியே நின்றிருக்கிறாள். கொழுந்தைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், காலில் ஏறும் அட்டையைப் பார்த்தாள். இந்த உச்சியில் ஒரு நாள்கூட நின்று இப்படிப் பார்த்ததில்லை. "அடேயப்பா," என்று வாய்விட்டுச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. இதைத்தான் தன் பிள்ளை இருநூறு தடவை மேலேயிருந்து பார்த்தாளா? இதைப் பார்த்தவளைத்தான் காம்பராவுக்குள் பூட்டி வைக்க ஒரு சேவலைப் பேரம் பேசினோமா?

முனியாண்டி கல்லாக நின்றார். கிளையில் மஞ்சள் துணி நனைந்து தொங்கியது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு முடிச்சு. நீலக் கட்டம் போட்ட துணி. நல்லம்மாவுக்குத் திக்கென்றது. அது அவள் வீட்டுத் துணி. சின்னராசாவின் கிழிந்த சாரத்தை, அடுப்புத் துடைக்க அவளே துண்டு போட்டு வைத்திருந்தாள்.

"அந்த மனுசனுமா!" என்று முணுமுணுத்தாள். நாலு நாளாக மார்தட்டிக்கொண்டு சிரித்தவருக்கும் உள்ளுக்குள் இதே பயம்தான் போலிருக்கிறது. அவரும் மூட்டத்தைத்தான் கேட்டிருக்கிறார். அதனால்தான் அது இந்தக் கனம் கனத்துக் கிடக்கிறது. அவர் மேல் அவளுக்குக் கோபமும் பாவமும் ஒன்றாக வந்தன.

அவர் முடிச்சைத் தொடவில்லை. அது அவர் பாடு. தன்னுடையதை அவிழ்க்கப் பார்த்தாள். நாலு நாள் நனைந்து இறுகியிருந்தது. நகம் ஏறவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தாள். காசு கையில் விழுந்தது.

"அய்யா, நான் தப்பாக் கேட்டுட்டேன். கேட்டது வேணாம். சேவல் ஒனக்குத்தான், அதுல மாத்தமில்ல. எம்புள்ள என்ன கேக்குதோ அதக் குடு."

சொல்லிவிட்டுக் கும்பிட்டுத் திரும்பினாள். பின்கழுத்தில் காற்றுப் பட்டது. காய்ந்த காற்று. பதுளைப் பக்கத்துக் காற்று. நாலு நாளாக அந்தப் பக்கமிருந்து காற்றே இல்லை.

கல்லோடைப் பக்கம் பார்த்தாள். மேல்நோக்கி நீட்டியிருந்த நாக்கு மடங்கியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூட்டம் வழிந்து, டர்பன்டைன் மரங்களுக்கும் கீழே, கொஸ்லந்தைப் பக்கம் இறங்கத் தொடங்கியது. இப்படி இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குத் திரும்பாது. கொழுந்தெடுக்கிற பொம்பிளைகள் இதைப் பார்த்துத்தான் கடைசி நிரையை எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுவார்கள். ஆனால் கீழே களத்தில் நிற்கிறவர்களுக்கு இது தெரியாது. அங்கே இன்னும் வெள்ளைதான்.

மணி இரண்டு ஐம்பது. இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

பேசாமல் இருந்துவிட்டால்? கீழே மூட்டம் கலைந்தாலும், காலையைப் போலத் திரும்ப மூடிக்கொள்ளுமோ என்று துஷா தயங்குவாள். இருபது நிமிஷத்துக்கு மேலும் பார்ப்பாள். நாலு மணி. ஹெலி போய்விடும். யாரும் நல்லம்மாவைக் குறை சொல்ல மாட்டார்கள். முடிச்சை அவிழ்ப்பது சுலபம். வாயைத் திறப்பதுதான் கஷ்டம்.

காலையில் அத்தனை பேர் கத்தும்போது அசையாமல் நின்ற அந்த முகம் கண்ணுக்குள் வந்தது. அழுத்திவிட்டாள்.

"துஷா, மூட்டம் எறங்குதுடி. பதுளக் காத்து அடிக்குது. ஒரு மணி நேரத்துக்குத் திரும்ப ஏறாது."

"நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

"ஆறாம் நம்பர் உச்சியில."

"அங்க எதுக்கு..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "சரிம்மா. இங்க இன்னும் ஒண்ணும் தெரியல. தெரிஞ்சாலும் நான் இருபது நிமிஷம் பாப்பேன்."

"பாரு. நல்லாப் பாரு."

"அங்கயே நில்லுங்க. போன வைக்காதீங்க. பள்ளத்துல மூட்டம் திரும்ப ஏறினா ஒரு வார்த்த சொல்லுங்க, மேலயிருந்தே திரும்பிருவோம். நீங்க சொல்லாம குதிக்க மாட்டோம்."

இப்போது முனியாண்டிக்குப் பதிலாக அவளிடமே கேட்கிறார்கள். நல்லம்மா சால்வையை இறுக்கிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தபடி நின்றாள். மூன்று மணிக்குக் கோபுரம் வெளியே வந்தது. அடுத்து புகைக்குழாய், தண்ணீர்த் தாங்கி. பிறகு லயங்களின் தகரக் கூரைகள் ஒவ்வொன்றாக. மைதானம் ஒரு பச்சைக் கைக்குட்டை அளவில் தெரிந்தது. இருபது நிமிஷம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபது நிமிஷத்தை அவள் கண்டதில்லை.

மூன்று இருபத்தைந்துக்கு இறக்கை சுற்றத் தொடங்கியது. ஹெலிகொப்டர் எழும்பியது, அவள் நின்ற உயரத்துக்கு வந்தது, அதையும் தாண்டியது. சின்னதாகி, தும்பியாகி, புள்ளியானது. போனில் இரைச்சல். இரைச்சலுக்குள்ளிருந்து மகளின் குரல்.

"அம்மா! பள்ளம் எப்படி?"

நல்லம்மா கடைசித் தடவையாகப் பார்த்தாள். டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே மூட்டம் சமர்த்தாகக் கிடந்தது.

"சுத்தமா இருக்கு. எறங்கி வா தாயி."

ஒன்று. இரண்டு. மூன்று. புள்ளியிலிருந்து மூன்று பொட்டுகள் பிரிந்து விழுந்தன. விழுந்தன, விழுந்துகொண்டே இருந்தன. நல்லம்மா மூச்சு விட மறந்தாள். நீலம் விரிந்தது. சிவப்பு விரிந்தது. மூன்றாவது இன்னும் விழுந்துகொண்டிருந்தது. "விரிடி, விரிடி," என்று பல்லைக் கடித்தாள். அப்போது அந்த நீல வானத்தில், நாலு நாளாகத் தார்ப்பாயில் மடித்து மடித்துப் பார்த்த மஞ்சள், ஒரு பூ மாதிரி மெதுவாக விரிந்து நின்றது.

அது வட்டமிட்டு வட்டமிட்டு இறங்கியது. ஒரு வட்டம் உச்சிக்குக் கிட்டே வந்தது. ஒரு நொடி, மகள் அவளுக்கு நேர் எதிரே இருந்தாள், காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல், லயத்துப் படியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி சாவகாசமாக. தேயிலை மலையே கேட்க அவள் கத்தினாள்.

"அம்மா! நிமிந்து பாருங்க!"

அம்மா நிமிர்ந்துதான் நின்றாள். கையைத் தூக்கி ஆட்டினாள், அழுதாள், சிரித்தாள். எதை முதலில் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மஞ்சள் பரசூட் மைதானத்தின் நடுவே போய்ப் படுத்தது. சனம் அதை நோக்கி ஓடியது. ஸரூக் ஓடினார், விஜயலெட்சுமி ஈரத் துணியோடு ஓடினாள். ஸரூக் என்ன முடிவு சொல்வாரோ, சனிக்கிழமை டிக்கட் பையிலேயே இருக்குமோ, அது இனித்தான். நல்லம்மா அந்தக் கூட்டத்தில் ஒரு சிவப்புத் தொப்பியைத் தேடினாள். காணவில்லை.

சிவப்புத் தொப்பி மைதானத்தில் இல்லை. ஆறாம் நம்பர் மலைக் குறுக்குப் பாதையில், உச்சிக்குக் கிட்டத்தில், மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் கக்கத்தில் சிவப்பாக இன்னொன்று சிறகடித்தது. சேவல்.

நல்லம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கேட்டது பலித்தவர்தான் சேவலோடு வருவார்; மூட்டம் விலகியதுமே புறப்பட்டிருக்கிறார். அவர் மூட்டத்தைக் கேட்கவில்லை. மூட்டம் விலகி மகள் குதித்து நல்லபடியாக இறங்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். நாலு நாளாக அவர் ஒரு பக்கம் இழுக்க, அவள் மறு பக்கம் இழுத்திருக்கிறாள். அதுவும் ஒரே சாமியிடம், ஒரே சேவலைக் காட்டி!

சின்னராசா உச்சிக்கு வந்தார். முகமெல்லாம் ஈரம், வேர்வையா கண்ணீரா என்று பிரிக்க முடியாது. "பாத்தியா நல்லம்மா, நம்ம புள்ளைய..." என்றவர் பேச்சு பாதியில் நின்றது. அவர் கண் அவள் கையிலிருந்த மஞ்சள் துணியில் விழுந்தது. கிளையைப் பார்த்தார். நீலக் கட்டத் துணிக்குப் பக்கத்தில் அதைக் கட்டின அன்று அவர் பார்த்த மஞ்சள் முடிச்சு அங்கே இல்லை.

"இது ஒன்னோடதா?" என்று கேட்டார். "நீ என்ன கேட்ட?"

சேவல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. கீழே மைதானத்திலிருந்து மகள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். நல்லம்மா அந்த ஈரத் துணியை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். பிறகு மறைக்காமல், அவர் முன்னால் விரித்துக் காட்டினாள்.